அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமா என்று கேட்டால் "இருக்கோம்" என்பாய். அதனால் கேட்டதாகவும் நீ சொன்னதாகவும் வைத்துக்கொள்வோம். போனில் பேசினால் நலமா, நலம், வைத்துவிடவா என்பதோடு முடிந்துபோகிறது. வாயாடுவதற்குக் கடிதம்தான் சரி.

புது வருஷத்தில் எனக்கு இடமாற்றம். பத்தொன்பது வருஷமாகப் பயண அட்டை கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவளைத் தூக்கி, பணிமனைக்குப் பின்னால் இருக்கும் தொலைந்த பொருள் பிரிவில் போட்டுவிட்டார்கள். பேருந்துகளில் ஜனங்கள் விட்டுப்போவதெல்லாம் இங்கே வந்து சேரும். ஓர் அறை, மூன்று இரும்பு அலமாரி, கம்பி போட்ட ஜன்னல், நான். பொருள் வந்ததும் ஓர் அட்டைச் சீட்டில் தேதி, தடம் எண், என்ன பொருள் என்று எழுதி நூலால் கட்ட வேண்டும். கேட்டு வருகிறவருக்கு எடுத்துக் காட்டக் கூடாது. அவர் பார்க்காமலே அடையாளம் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பொருள் அவருக்கு, சீட்டு என் கோப்புக்கு.

முதல் வாரமே குடை மட்டும் முப்பத்தொன்று. சீட்டின் பின்பக்கம் வெறுமையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை சும்மா இருக்குமா?

கொட்டும் மழையில் கும்பிட்டுப் பிடித்தார்;
விட்டது மழையும், விட்டார் குடையும்.
கெட்டவர் அல்லர், நல்லவர்தாம் எல்லோரும் —
சொட்டும் வரைதானே சொந்தமும் பந்தமும்.

எப்படி? நீதான் தமிழ் டீச்சர், மார்க் போடு.

இன்னொன்று. புதுப் பணியாளர் அட்டைக்கு அங்க அடையாளம் கேட்டார்கள். இடது புருவத்துத் தழும்பைச் சொன்னேன். நாலு வயதில் படியில் விழுந்தேன் என்று வீட்டில் சொல்வார்களே, அது. எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் விழுந்தது வீண் போகவில்லை பார்.

உன்னை நேரில் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. கணக்குச் சொல்லவில்லை, சும்மா சொன்னேன்.

வாயை மூடத் தெரியாத,
உன் தங்கை


ஜனவரி 20

அன்புள்ள வாயாடிக்கு,

இருக்கோம். உன் அத்தானுக்கு முதுகுவலி தேவலை. ஞாயிற்றுக்கிழமை வார இதழ் வந்ததும் குறுக்கெழுத்தில் தலையைக் கொடுத்துவிடுகிறார். பிறகு அவரை எழுப்ப நான்கு எழுத்தில் ஒரு சொல் தேவைப்படுகிறது.

உன் குடைப் பாட்டைப் படித்தேன். மூன்றாம் வரியில் ஓசை கொஞ்சம் இடறுகிறது. குறையாக எடுத்துக்கொள்ளாதே. இதைக் கவிதை என்று சொல்ல முடியாது, வாய்க்கொழுப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம். கவிதை என்றால் அதற்கு ஓர் ஆழம் வேண்டும். நான் சென்ற மாதம் "நீதியின் நெடும்பயணம்" என்று அறுபத்துநான்கு வரி எழுதினேன். அதே வார இதழுக்குத்தான் அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. உறையைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டு நாளாக வீட்டில் மேசையை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறேன். ஜன்னல் பக்கம் வைத்தால் வெளிச்சம் கண்ணில் குத்துகிறது, சுவர்ப் பக்கம் வைத்தால் சுவரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. "அது என்ன பாவம் பண்ணிச்சு, ஒரு இடத்துல இருக்க விடேன்" என்கிறார் உன் அத்தான்.

இருந்தாலும் நீ எழுதுவதை அனுப்பு. பொழுதுபோகும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மேசை எங்கே வந்து நின்றது?

வாய்க்கொழுப்பு இரண்டு அனுப்புகிறேன். முதலாவது, தங்க நிறத்தில் ஒரு கைக்கடிகாரம் வந்த கதை. எப்படியோ சேதி பரவி ஒரே நாளில் மூன்று பேர் கேட்டு வந்தார்கள்.

கைக்கடிகாரம் ஒன்று; கேட்டவர் மூவர்;
மெய்க்கு மெய்யாக மூவரும் அழுதார்.
பொய்க்கும் ஒருநாள் கண்ணீர் வருமென்று
கைக்குட்டை தந்துதான் நானும் அறிந்தேன்.

மூன்று பேரில் ஒருவரும் அடையாளம் சொல்லவில்லை. அது ஓடாத கடிகாரம் என்பதை மூவருமே சொல்லவில்லை.

இரண்டாவதை நீ யாரிடமும் சொல்லாதே. ஒரு கைக்குட்டையில் சுற்றி நடத்துனர் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்தால் பல் செட்! மறுநாள் ஒரு பெரியவர் வந்தார். வாயைப் பொத்திக்கொண்டு, "என்னோடது இல்லைம்மா, ஒரு ஃப்ரெண்டோடது" என்றார். பாதி காற்று, பாதி சொல். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் ஊர்க் கூட்டம் எதிலும் கடைசியாகப் பேசுவாரே, கடைசிவரை ஜனங்களை உட்கார வைப்பாரே, அந்த மேடைப் பேச்சாளர். "உங்க ஃப்ரெண்டுகிட்ட குடுத்துடுங்க சார்" என்று சிரிக்காமல் கொடுத்தேன். அன்று நான் சம்பாதித்த புண்ணியம் அதுதான்.

பல்லை மறந்து இறங்கினார் ஒருவர்;
மெல்ல வந்தார் மறுநாள், வாயைப் பொத்தி.
'இல்லைம்மா, எனதில்லை, நண்பருக்கு' என்றார் —
சொல்லும் போதே காற்றாய்ப் போனது சொல்லே.

சீட்டில் யாரென்று எழுதுவதில்லை என்பது நானே போட்டுக்கொண்ட சட்டம். சிரிப்பு எல்லோருக்கும் பொது, ஆள் அவருக்கு மட்டும் சொந்தம். உன்னிடம் சொல்வது வேறு. உன்னிடம் சொல்வது எனக்குள் சொல்லிக்கொள்வது மாதிரி.

பதில் போடு,
தங்கை


மார்ச் 2
(எழுதி மடித்து வைத்தது. அப்போது அனுப்பவில்லை.)

அன்புள்ள தங்கைக்கு,

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். காலையிலிருந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

உன் குடைப் பாட்டை வாய்க்கொழுப்பு என்று எழுதிய அன்றே, அதை நல்ல தாளில் படியெடுத்து வார இதழுக்கு அனுப்பினேன். அச்சில் வந்ததும் உனக்கு அனுப்பி ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்தேன். இது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்று எனக்கே அப்போது தெரியாது. உறையின் பின்னால் என் முகவரியை மட்டும் எழுதினேன். கை தானாக எழுதியது.

பத்து நாளில் ஆசிரியரின் பதில் வந்தது. "மதிப்பிற்குரிய கவிஞருக்கு" என்று தொடங்கியிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக நான் அனுப்பிய நிலாவும் நீதியும் போன சுவடு தெரியாமல் திரும்பி வந்திருக்கின்றன. நாற்பத்தெட்டு வயதில் ஒருவர் என்னைக் கவிஞர் என்கிறார். அந்தத் தாளைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். யாரிடமும் காட்டவில்லை. கைப்பையில் இருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு ஒன்பதாம் வகுப்பில் நான் ஒருவரையும் திட்டவில்லை.

"இது என் தங்கையுடையது" என்று பதில் எழுதினேன். தபால்பெட்டி வரை போனேன். திரும்பி வந்தேன். பிறகு அவர் கேட்டபடி ஒரு புனைபெயர் வைத்து அனுப்பினேன்: "அடக்கி வாசிப்பவள்." அடக்கி வாசிக்கத் தெரியாதவள் நீ, வைத்துக்கொண்டது நான்.

குடை வந்துவிட்டது. கடிகாரமும் வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு உன் அத்தான், "இந்தப் பொம்பளை யாருன்னு தெரியல, அப்படியே உன் தங்கச்சி மாதிரி வாயாடுறா" என்றார். நான் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன். துடைத்த அடுப்பை.

பல் செட் அடுத்து வரப்போகிறது. அதில் ஒரு சொல்லை மாற்றிவிட்டேன். "இறங்கினார் ஒருவர்" என்பது தட்டையாக இருந்தது. "இறங்கினார் பேச்சாளர்" என்று போட்டதும் வரி நிமிர்ந்து நின்றது. சொல்லை விற்கிறவனுக்குச் சொல் காற்றாய்ப் போகிறது, பார். இது என் பங்கு. இந்த ஒரு சொல்லாவது என்னுடையது என்று சந்தோஷப்பட்டேன். நீ ஆள் தெரியக் கூடாது என்று எழுதியது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

இன்னும் நிறுத்தலாம். நாளைக்கு ஆசிரியருக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.


மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். பள்ளியில் தேர்வு வேலை, அதனால்தான் தாமதம். சமையலறைக் குழாய் சொட்டுகிறது. ஆள் வந்து பார்த்துவிட்டு, "இது இப்படித்தாம்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாட்டுகள் பரவாயில்லை. மேசை மறுபடியும் ஜன்னல் பக்கம்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அத்தானோடு சண்டையா? சண்டை என்றால் விவரமாக எழுது, உடம்பு என்றால் உடனே எழுது.

இந்த வாரம் ஒரு நல்ல சேதி. ஒரு பெண், வேலைக்குப் போகிறவள், இரண்டு வண்டி மாறி என் ஜன்னலுக்கு வந்தாள். வண்டியில் கிடந்ததாம், ஒரு பேனா. நாலு கடித்த பல் தடம், மூடி இல்லை. எழுதிப் பார்த்தேன், மையும் இல்லை.

மூடி இல்லாத பேனா ஒன்றைத்
தேடி வந்து தந்தாள் ஒருத்தி.
'ஓடி வந்தா இதைக் குடுக்கணும்?' என்றேன் —
'மூடிதான் கிடைக்கலை, மன்னிச்சுடுங்க' என்றாள்.

இதில் நையாண்டியே வரவில்லை. எவ்வளவு முயன்றும் அவளைக் கிண்டல் பண்ண முடியவில்லை. அந்தப் பேனாவுக்குச் சீட்டுக் கட்டித் தனித் தட்டில் வைத்திருக்கிறேன். யார் கேட்டு வரப் போகிறார்கள்? ஆனாலும் அலமாரியைத் திறக்கும்போது அதைப் பார்த்தால் நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது.

உடனே எழுது.

தங்கை


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதி அடித்துவிட்டேன். உடம்பு நலம்.

திங்கட்கிழமை மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே அந்தப் பேச்சாளர் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு வார இதழ், பழைய தேதி. வாயைப் பொத்தவில்லை, தெளிவாகத்தான் பேசினார். "நாப்பது வருஷமா மேடையில பேசுறேம்மா. இப்ப நான் எந்திரிச்சு மைக்கைப் பிடிச்சா முதல் வரிசையில சிரிக்கிறான். இன்னும் வாயே திறக்கலை, அதுக்குள்ள சிரிக்கிறான். போன வாரம் பேசாமலே இறங்கி வந்துட்டேன். உன்னை நம்பித்தானே வந்து கேட்டேன்?"

மேலாளர் என் கோப்பிலிருந்து சீட்டை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினார்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"அப்ப பத்திரிகைக்கு அனுப்பினது யாரு, அந்தப் பல் செட்டா?"

"நான் அனுப்பலை சார்."

"யாருன்னு சொல்லு. பேரைச் சொன்னா உன்னை விட்டுடறேன்."

"தெரியாது சார்" என்றேன். பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

மெமோ கொடுத்திருக்கிறார்கள். ஜூன் ஆறாம் தேதி விசாரணை. பயணிகளின் விஷயத்தை வெளியே விட்டேன் என்று நிரூபணமானால் வேலை போகும். அதுவரை அலமாரிச் சாவி என்னிடம் இல்லை. ஒரு நாற்காலி கொடுத்து நடைவழியில் உட்கார வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று, "என்ன, இன்னிக்கு யாரைப் பத்தி?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்கு வந்தால் அறைக்குள்ளேயே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடக்கிறேன். கீழ்வீட்டம்மா, "மேல என்னம்மா, ஆடு கட்டி வச்சிருக்கியா?" என்கிறார். மேசையை நீ ஏன் நகர்த்துகிறாய் என்று இப்போது புரிகிறது.

பத்திரிகையை நானும் தேடிப் பிடித்துப் படித்தேன். நாலு பாட்டும் வந்திருக்கின்றன, பேனாகூட. அச்சில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பல் பாட்டில் ஒரு சொல் மட்டும் என்னுடையது இல்லை.

தங்கை


மே 9

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு மனம் கலங்கினேன். எனக்கும் இரத்த அழுத்தம் ஏறி, மருத்துவர் ஓய்வு எடுக்கச் சொன்னார். அதனால்தான் உடனே எழுத முடியவில்லை.

தைரியமாக இரு. சீட்டுகள் கோப்பில்தானே கிடந்தன? யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். நடத்துனர்கள் வந்து போகிறார்கள். அலமாரி துடைக்க யாராவது ஓர் அம்மாள் வருவாரே, அவரைப் போன்றவர்களை விசாரித்தார்களா? உன் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை.

அந்த வார இதழை நாங்கள் இப்போது வாங்குவதில்லை. அதனால் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது.

உன் அத்தான் நலம். விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அக்கா


மே 20

அக்கா,

அலமாரி துடைக்கிற அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இத்துடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். பின்பக்கம் எதுவும் எழுதவில்லை.

பொருள்: நாலு வரிப் பாட்டு, நான்கு.
கிடைத்த இடம்: வார இதழ், குறுக்கெழுத்துக்கு மேலே.
நிலை: மூன்று முழுசு. ஒன்றில் ஒரு சொல் உடைந்திருக்கிறது.
உரியவர்: ______

இடத்தை நான் நிரப்பவில்லை. மேலாளர் கேட்டால் அன்றைக்கும் தெரியாது என்றுதான் சொல்வேன்.

தங்கை


ஜூன் 1

அன்புள்ள தங்கைக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நான் நலமில்லை. இரத்த அழுத்தம் என்று எழுதியது பொய். ஓய்வும் பொய். வார இதழ் இந்த ஞாயிறுகூட வந்தது.

மார்ச் 2-இல் எழுதி அனுப்பாத கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அகராதிக்குள் மூன்று மாதமாக இருந்தது. அதில் எல்லாம் இருக்கிறது. மறுநாள் ஆசிரியருக்கு எழுதியிருந்தால் அந்த மனிதர் இன்று மேடையில் பேசிக்கொண்டிருப்பார், நீ நடைவழியில் உட்கார்ந்திருக்க மாட்டாய். எழுதவில்லை. பேனாப் பாட்டு வந்தபோது ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பிறகு அதையும் அனுப்பினேன். என்னைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது இதைவிட வேறெதுவும் இல்லை.

உன் சீட்டு வந்த அன்று உன் அத்தானிடம் சொன்னேன். குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்கி, பென்சிலைக் கீழே வைத்தார். "அந்த வாய் உன்னோடது இல்லைன்னு எனக்கு அப்பவே தோணிச்சு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மேசையைத் தானே தூக்கி, கதவுக்கு நேரே போட்டார்.

ஆசிரியருக்கு எழுதிவிட்டேன், நாலும் யாருடையது, எந்தச் சொல் என்னுடையது என்று. அதை அச்சிடும்படியும் கேட்டிருக்கிறேன். பேச்சாளருக்கும் எழுதினேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. உன் மேலாளருக்கும் எழுதியிருக்கிறேன். ஆனால் தாள் போதாது. ஆறாம் தேதி விசாரணைக்கு நானே வந்து சொல்லப்போகிறேன். தலைமையாசிரியையிடம் விடுப்புக் கேட்டபோது காரணத்தையும் சொன்னேன். "ஒன்பதாம் வகுப்புக்கு என்ன சொல்லட்டும்?" என்றார். உள்ளதைச் சொல்லச் சொன்னேன்.

நீ அனுப்பிய சீட்டில் பெயரை எழுதிவிட்டேன், உன் பெயரை. அதன் பின்பக்கம் வெறுமையாக என்னைப் பார்த்தது. நாலு வரி எனக்கு வரவில்லை. இரண்டுதான் வந்தது.

தங்கையின் வரியைத் தன்வரி என்றாள்;
எங்கே உன்வரி என்றால், இதுதான்.

இதை யாருக்கும் அனுப்பப் போவதில்லை.

என் பங்குக்கு நானும் ஒரு சீட்டு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் சட்டப்படி பொருளைப் பார்க்காமல் அடையாளம் சொல்ல வேண்டும். பார்த்து ஆறு வருஷம் ஆனதால் அது சுலபம்.

பொருள்: தங்கை, ஒன்று.
அடையாளம்: பேசத் தொடங்கினால் நிற்காது. எதிரில் இருப்பவர் சிரிக்கும்வரை தான் சிரிக்காது. காட்டிக்கொடுக்கத் தெரியாது. இடது புருவத்தில் தழும்பு.

தழும்பு படியில் விழுந்ததால் வந்தது அல்ல. உனக்கு நாலு வயது, எனக்கு ஒன்பது. அப்பாவின் மூக்குக் கண்ணாடியைப் பற்றி நீ ஏதோ எதுகை போட்டுச் சொன்னாய். அப்பா கண்ணில் நீர் வர, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் என் கட்டுரை நோட்டோடு கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். அவருக்குக் காட்ட எடுத்து வந்திருந்தேன். நீ அந்த அறையிலிருந்து ஓடி வந்தாய். கதவைச் சாத்தினேன். நீ வருவது தெரிந்துதான் சாத்தினேன். "படியில விழுந்துட்டாப்பா" என்று சொன்னதும் நான்தான். உனக்கு வலியில் ஒன்றும் நினைவில்லை. எனக்கு அந்தக் கதவின் நிறம்கூட நினைவிருக்கிறது.

அடையாளம் சரியாக இருந்தால் கொடு. இல்லையென்றால் அலமாரியிலேயே இருக்கட்டும், அதுவும் நியாயம்தான்.

பதில் எழுதாதே, போய்ச் சேரும் முன் நான் வந்துவிடுவேன். வியாழக்கிழமை காலை வண்டி. மழை வரலாம், குடை கொண்டுவருகிறேன். இறங்கும்போது மறக்காமல் எடுத்துக்கொள்வேன்.

உன் ஜன்னலுக்கு வெளியே நிற்கப்போகிற,
அக்கா